ரிக் ஃப்ளேர்: புகழ் பெரிசா, ஆட்டம் பெரிசா?

கேள்வி: யாரைக் கேட்டாலும் ரெஸ்லிங்கில் எல்லாக் காலத்துக்கும் முதல் ஆள் ரிக் ஃப்ளேர்தான் என்கிறார்கள். நானும் பழைய மேட்ச்களைத் தேடித் தேடிப் பார்த்தேன். நெஞ்சில் ஓர் அறை, 'வூ' என்று ஒரு கத்தல், மேல் கயிற்றில் ஏறித் தூக்கி எறியப்படுவது, நாலடி நடந்து முகம் குப்புற விழுவது, கடைசியில் ஃபிகர் ஃபோர் (எதிராளியின் கால்களை 4 போல மடக்கிப் பூட்டும் பிடி). எல்லா மேட்ச்சிலும் இதேதான். மைக்கைப் பிடித்தால் அவர் மன்னன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆட்டத்துக்காக அவருக்குத் தரப்படும் புகழ் கொஞ்சம் அதிகம் இல்லையா?

பதில்: உங்கள் பட்டியலில் ஒரு தப்பும் இல்லை. இன்னும் இரண்டை நானே சேர்க்கிறேன். மூலையில் போய் மோதித் தலைகீழாகப் புரண்டு, கயிற்றுக்கு வெளியே விளிம்பில் ஓடிப்போய் அடி வாங்குவார். முட்டி போட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டே 'வேண்டாம், வேண்டாம்' என்று கெஞ்சுவார். கெஞ்சிக்கொண்டே சமயம் பார்த்து எதிராளியின் கண்ணில் விரலை விடுவார். இவை எதுவும் இல்லாத ஃப்ளேர் மேட்ச் 1980களில் அபூர்வம்.

ஆனாலும் அவர் புகழ் அதிகப்படி என்று என்னால் சொல்ல முடியாது. மூவ்களை மட்டும் எண்ணினால் ஃப்ளேர் தோற்றுத்தான் போவார். அந்த ஆட்டம் ஏன் அப்படி அமைந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1981 செப்டம்பரில் டஸ்டி ரோட்ஸைத் தோற்கடித்து ஃப்ளேர் முதல்முறையாக என்.டபிள்யூ.ஏ. உலகச் சாம்பியன் ஆனார். அப்போது அமெரிக்காவில் ரெஸ்லிங் ஒரே கம்பெனியின் கையில் இல்லை. பகுதிக்கு ஒரு புரமோட்டர், பகுதிக்கு ஒரு டிவி நிகழ்ச்சி, பகுதிக்கு ஒரு ஹீரோ. அந்தப் புரமோட்டர்களின் கூட்டமைப்புதான் என்.டபிள்யூ.ஏ. அதன் சாம்பியன் எந்தப் பகுதிக்கும் சொந்தமில்லை. ஃப்ளோரிடா, செயின்ட் லூயிஸ், டெக்சாஸ், போர்ட்டோ ரிக்கோ, ஜப்பான் என்று சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். போகிற இடத்தில் அந்த ஊர் ஹீரோவுடன் மோத வேண்டும். இன்றைக்கு நம்ம ஆள் பெல்ட்டைப் பிடுங்கிவிடுவான் என்று கூட்டம் மனதார நம்ப வேண்டும். அப்புறம் நூலிழையில் சாம்பியன் தப்பிக்க வேண்டும். நேரம் முடிந்துவிட்டது, நடுவர் மயங்கி விழுந்துவிட்டார், தகுதி நீக்கம் என்று ஏதோ ஒரு வழி. சாம்பியன் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவார். அடுத்த வாரம் அந்த ஊரில் டிக்கெட் விற்க வேண்டியது அங்கேயே இருக்கும் ஹீரோவை வைத்துத்தான். அதனால் மேட்ச் முடியும்போது ஹீரோவின் மதிப்பு முன்பைவிட ஒரு படி ஏறியிருக்க வேண்டும்.

இந்த வேலையை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் பட்டியலைத் திரும்பப் படியுங்கள். மேல் கயிற்றிலிருந்து எறியப்படுவது எதிராளியின் பலத்தைக் காட்டுகிறது. தலைகீழாகப் புரள்வது அவன் தள்ளிய வேகத்தைக் காட்டுகிறது. கெஞ்சும்போது, உலகச் சாம்பியனே இவனைப் பார்த்து நடுங்குகிறான் என்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் புரிகிறது. பட்டியலில் பாதிக்கு மேல் அவர் அடி வாங்கும் மூவ்கள். எதிரே நிற்பவருக்கு நாலு பிடிதான் தெரியும் என்றாலும் அவரை அரை மணி நேரம், சில ஊர்களில் முழுசாக ஒரு மணி நேரம், பெரிய வீரனாகக் காட்டிவிட இந்த ஆட்டம் போதும். ஊர் ஊராகப் போகும் பாடகர் அதே பாட்டுகளைப் பாடினால் யாரும் குறை சொல்வதில்லை. ஃப்ளேரை எப்போதாவது ஒருமுறை நேரில் பார்க்கக் கிடைத்தவர்களுக்காக அமைந்த ஆட்டத்தை, நாம் இன்று வரிசையாகப் போட்டுப் பார்த்துவிட்டுச் சலித்துக்கொள்கிறோம்.

ஒரு சோதனை சொல்கிறேன், நான் அடிக்கடி செய்வது. ஃப்ளேர் மேட்ச் ஒன்றைப் போட்டுவிட்டு ஃப்ளேரைப் பார்க்காதீர்கள். எதிராளியை மட்டும் பாருங்கள். அதே ஆள் வேறு யாருடனாவது மோதியதையும் அடுத்துப் பாருங்கள். ஃப்ளேரின் திறமை எங்கே இருந்தது என்று தெரிந்துவிடும்.

கேள்வி: முடிவு முன்பே பேசிவைத்தது. அப்படியிருக்க ரிங்கில் 'திறமை' என்று எதைத்தான் சொல்வது? உயரத்திலிருந்து குதிப்பதையா, விதவிதமான பிடிகளையா?

பதில்: இதற்கு ரிக்கி ஸ்டீம்போட்டை வைத்துத்தான் பதில் சொல்ல முடியும். (ரிங்குக்குள் எனக்கு மிகப் பிடித்த ஆட்டக்காரர் ஃப்ளேர் இல்லை, ஸ்டீம்போட்தான். இதையும் சொல்லிவிடுகிறேன்.)

1987இல் ரெஸ்ஸில்மேனியா 3 என்ற பெரிய நிகழ்ச்சியில் ஸ்டீம்போட், ரேண்டி சாவேஜ் மேட்ச் கால் மணி நேரம்கூட இல்லை. ஆனால் இன்றைக்கும் பேசப்படுகிறது. சாவேஜ் ஒவ்வோர் அசைவையும் முன்கூட்டியே எழுதி, மனப்பாடம் செய்து, ஒத்திகை பார்க்கும் பழக்கம் உள்ளவர். அந்த மேட்ச் அப்படித்தான் உருவானது. அதனால்தான் ஒரு விநாடிகூட வீணாகாமல் ஓடுகிறது.

இரண்டு வருடம் கழித்து அதே ஸ்டீம்போட் ஃப்ளேருடன் மோதினார். 1989 பிப்ரவரியில் சிகாகோ, ஏப்ரலில் நியூ ஆர்லியன்ஸ், மே மாதம் நாஷ்வில். இங்கே முறையே வேறு. முடிவையும் சில முக்கிய இடங்களையும் தவிர மற்றதெல்லாம் ரிங்கிலேயே, பிடியில் இருக்கும்போது காதோடு காதாகப் பேசி, கூட்டம் எதற்கு எழுந்திருக்கிறது, எதற்கு அடங்குகிறது என்று பார்த்துப் பார்த்துச் செய்தது. நியூ ஆர்லியன்ஸ் மேட்ச் மூன்றில் இரண்டு சுற்று ஜெயிக்க வேண்டிய மேட்ச். கிட்டத்தட்ட 55 நிமிடம். அவ்வளவு நேரம் எழுதிவைத்து ஆட யாராலும் முடியாது. எப்போது வேகம், எப்போது மூச்சு வாங்க ஒரு பிடி, எப்போது கூட்டத்தின் கோபத்தைக் கிளறுவது என்று அந்தந்த நொடியில் முடிவெடுக்க வேண்டும். வில்லனாக ஆடும்போது பெரும்பாலும் அந்த முடிவுகளை எடுத்தவர் ஃப்ளேர். நான் திறமை என்று சொல்வது இதைத்தான். குதிப்பதும் பிடிகளும் அப்புறம்.

அந்த மூன்று மேட்ச்களின் முடிவுகளை அடுத்தடுத்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். சிகாகோவில் ஃப்ளேர் ஃபிகர் ஃபோர் போட முயலும்போது ஸ்டீம்போட் அவரைச் சுருட்டிப் பிடித்து ஸ்மால் பேக்கேஜில் (பந்தாகச் சுருட்டி, நடுவர் மூன்று எண்ணும்வரை தோள்களைத் தரையில் பதிக்கும் பிடி) ஜெயித்தார். நாஷ்வில்லில் ஸ்டீம்போட் ஃப்ளேரைத் தூக்கும்போது, ஃப்ளேர் அதுவரை அடித்து நொறுக்கியிருந்த முட்டி மடங்கிவிட, ஃப்ளேர் அதே ஸ்மால் பேக்கேஜில் பெல்ட்டைத் திரும்ப வாங்கினார். எந்தப் பிடியில் இழந்தாரோ அதே பிடியில் மீட்டார். நடுவில் நியூ ஆர்லியன்ஸிலும் அந்தக் கால்தான் ஸ்டீம்போட்டுக்குக் கைகொடுக்கவில்லை. தூக்கிப் பிடித்திருந்த ஃப்ளேரோடு சேர்ந்து பின்னால் சாய்ந்தார், தன் தோளை மட்டும் தரையிலிருந்து உயர்த்தி எப்படியோ ஜெயித்தார். மூன்று மாதம் ஒரே காலை வைத்துக் கதை நடக்கிறது. ஒரே மாதிரி ஆடுபவர் என்று சொல்லப்படுகிற ஆள் செய்தது இது.

கேள்வி: ப்ரெட் ஹார்ட்டே ஃப்ளேரைக் குறை சொல்லியிருக்கிறாரே? ரிங்குக்குள் அவருடன் மோதியவர் சொல்வதைவிட நீங்கள் சொல்வது எப்படிப் பெரிதாகும்?

பதில்: பெரிதாகாது. ப்ரெட் முதல் டபிள்யூ.டபிள்யூ.எஃப். (இன்றைய டபிள்யூ.டபிள்யூ.இ. கம்பெனியின் பழைய பெயர்) உலகப் பட்டத்தை வென்றதே ஃப்ளேரிடமிருந்துதான், 1992 அக்டோபரில் கனடாவின் சாஸ்கட்டூனில். யாருடன் மோதினாலும் ஃப்ளேர் ஒரே ஆட்டத்தையே ஆடுகிறார் என்பது அவருடைய முக்கியக் குறை. ப்ரெட்டின் ஆட்டத்தில் ஒவ்வொரு மேட்ச்சும் எதிராளியைப் பொறுத்து மாறும், ஒரு பிடி வந்தால் அதற்குக் காரணம் இருக்கும். 1997இல் ஸ்டீவ் ஆஸ்டினுடன் ஆடியதையும் தம்பி ஓவனுடன் ஆடியதையும் பார்த்தால் இரண்டும் வேறு வேறு உலகம். அந்த அளவுகோலில் ப்ரெட் சொல்வது நியாயம். மேல் கயிற்று விஷயத்தில் நான் முழுக்க ப்ரெட் பக்கம். ஏறினால் எறியப்படுவோம் என்று தெரிந்தும் வருடக்கணக்கில் ஒருவர் ஏறிக்கொண்டே இருந்தால், அவரைப் புத்திசாலி வில்லன் என்று நம்பச் சொல்வது கஷ்டம்.

ஆனால் ஃப்ளேருக்கு வேறு ஆட்டம் தெரியாது என்பதை ஏற்கமாட்டேன். 1989லேயே, ஸ்டீம்போட் முடிந்த கையோடு டெர்ரி ஃபங்குடன் ஆடினார். நாஷ்வில்லில் தோளில் தட்டி வாழ்த்த வந்தவர் போல வந்த ஃபங்க், அவரைத் தலைகீழாகப் பிடித்துத் தலை இடிபட மேஜை மேல் பைல்டிரைவர் போட்டதில் தொடங்கிய பகை அது. நவம்பரில் 'ஐ க்விட்' மேட்ச், அதாவது ஒருவர் 'விட்டுவிடுகிறேன்' என்று சொல்லும்வரை நடப்பது. அங்கே ஃப்ளேர் கெஞ்சும் வில்லன் இல்லை, பழிவாங்க வந்தவர். கைகளில் கோபம் தெரியும். கடைசியில் ஃபிகர் ஃபோரில் மாட்டி ஃபங்க் தோல்வியை ஒப்புக்கொண்டார். ஒரே வருடத்தில் ஸ்டீம்போட்டுடன் நுணுக்கம், ஃபங்குடன் அடிதடி.

இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். 1975 அக்டோபரில் வட கரோலினாவின் வில்மிங்டனில் நடந்த விமான விபத்தில் ஃப்ளேரின் முதுகெலும்பு மூன்று இடங்களில் முறிந்தது. அதே விமானத்தில் இருந்த ஜானி வேலன்டைன் அதன்பின் ரிங்கில் கால் வைக்கவே இல்லை. இனி ஆட முடியாது என்று டாக்டர்கள் சொன்ன ஃப்ளேர், ஒரு வருடம் ஆவதற்குள் திரும்பி வந்தார். அதற்கப்புறம் தூக்கிப் போடப்படும்போது முதுகு தட்டையாகப் படாமல் பக்கவாட்டில் விழுவதைப் பழக்கமாக்கிக்கொண்டார். சிலர் இதைப் பார்த்து 'விழத் தெரியவில்லை' என்கிறார்கள். எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விமர்சனம் இது ஒன்றுதான். முறிந்த முதுகை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் ஆட ஒரு வழி கண்டுபிடித்தவர் அவர்.

கேள்வி: 16 முறை உலகச் சாம்பியன். இதுவே திறமைக்குச் சாட்சி இல்லையா?

பதில்: இல்லை. பெல்ட் யாருக்கு என்பதை முடிவு செய்பவர் புரமோட்டர். எவரை நம்பி வியாபாரம் நடத்தலாம் என்று நினைத்தார்கள் என்பதற்குத்தான் அது சாட்சி. அந்த 16கூட டபிள்யூ.டபிள்யூ.இ. ஏற்கும் கணக்கு, வெளிநாடுகளில் கைமாறிய பெல்ட்களையும் சேர்ப்பவர்கள் இன்னும் அதிகம் சொல்வார்கள். ஜான் சீனா 2025 ஏப்ரலில் 17ஐ எட்டிவிட்டார். அதனால் ஃப்ளேரின் ஆட்டம் ஒரு மாற்றுக் குறைந்துவிடவில்லை.

கேள்வி: 2008இல் ஷான் மைக்கேல்ஸிடம் தோற்று விடைபெற்ற மேட்ச்சைப் பார்த்து அழுதுவிட்டேன். அதையும் அவருடைய சிறந்த மேட்ச்களில் சேர்க்கலாமா?

பதில்: நானும் கலங்கினேன். ஷான் கடைசி உதைக்கு முன் 'என்னை மன்னித்துவிடு, உன்னை நேசிக்கிறேன்' என்று வாயசைக்கும் இடத்தில் கலங்காதவர்கள் குறைவு. ஆனால் அந்த மேட்ச்சைத் தூக்கி நிறுத்தியவர் ஷான். ஃப்ளேருக்கு அப்போது 59 வயது. முப்பது வருடம் மற்றவர்களுக்கு அவர் செய்த வேலையை அன்றைக்கு ஒருவர் அவருக்குச் செய்தார்.

புகழ் அதிகம் என்ற உங்கள் வாதத்துக்கு நான் இடம் கொடுப்பது இந்தக் காலகட்டத்தில்தான். 1992 ராயல் ரம்பிளில் (முப்பது பேர் ஒருவர் பின் ஒருவராக நுழையும் மேட்ச்) மூன்றாவது ஆளாக நுழைந்து சுமார் ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்துப் பட்டம் வென்றதை அவருடைய கடைசி மகத்தான இரவு என்பேன். அதற்கப்புறம் நல்ல மேட்ச்கள் உண்டு, ஆனால் வருடம் போகப் போகக் கைதட்டல் பழைய நினைவுக்காக விழுந்தது. 2001 மார்ச்சில் டபிள்யூ.சி.டபிள்யூ. கம்பெனியின் டிவி நிகழ்ச்சியான நைட்ரோவின் கடைசி இரவில் பழைய எதிராளி ஸ்டிங்குடன் டீ ஷர்ட் போட்டுக்கொண்டு ஆடினார். பார்க்க நெகிழ்ச்சிதான், ஆனால் அதை ஆட்டத் திறமைக்கு உதாரணமாகக் காட்டுவது நேர்மையில்லை. 2022இல் 73 வயதில், இதயத்தில் பேஸ்மேக்கருடன் நாஷ்வில்லில் மீண்டும் ரிங்கில் ஏறியதைப் பற்றி என்னிடம் பாராட்டு எதுவும் இல்லை. யாராவது தடுத்திருக்க வேண்டும்.

கேள்வி: ஒரே ஒரு மேட்ச் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது. ஸ்டீம்போட் மேட்ச்சா?

பதில்: ஸ்டீம்போட் மேட்ச் பார்த்தால் 'எதிரே ஸ்டீம்போட் இருந்தால் யார் ஆடினாலும் நன்றாகத்தான் இருக்கும்' என்று வாதிடுவீர்கள். அதனால் 1988 மார்ச் 27 அன்று வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் நடந்த முதல் கிளாஷ் ஆஃப் த சாம்பியன்ஸ் நிகழ்ச்சியில் ஃப்ளேர் ஆடிய மேட்ச்சைப் பாருங்கள். எதிராளி ஸ்டிங். முகத்தில் வண்ணம், நல்ல உடம்பு, அளவில்லாத உற்சாகம், ஆனால் தொழிலுக்கு வந்து சில வருடம்தான். அவ்வளவு நீண்ட மேட்ச்சைத் தானே நடத்தும் அனுபவம் அவருக்கு இன்னும் வரவில்லை. 45 நிமிடம் ஆடி, நேரம் முடிந்து, வெற்றி தோல்வி இல்லாமல் முடிந்தது. பெல்ட் ஃப்ளேரிடமே இருந்தது. மறுநாளிலிருந்து ஸ்டிங் அந்த நிகழ்ச்சியை நடத்திய கம்பெனியின் பெரிய நட்சத்திரங்களில் ஒருவர்.

முதல் பத்து நிமிடம் மெதுவாகப் போவது போலத் தோன்றும், தள்ளிவிடாதீர்கள். ஃப்ளேர் ஒவ்வோர் அறையாக ஸ்டிங்கின் நெஞ்சில் கொடுப்பதையும், ஸ்டிங் அசையாமல் நிற்பதையும், உடனே ஃப்ளேரின் முகம் எப்படி மாறுகிறது என்பதையும் கவனியுங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள். அப்போதும் புகழ் அதிகம் என்று தோன்றினால் எந்த நிமிடத்தில் அப்படித் தோன்றியது என்பதையும் சேர்த்து எழுதுங்கள், அந்த இடத்தை நானும் திரும்பப் பார்க்கிறேன்.