வீட்டுக் கடன் தவணை கட்ட முடியவில்லையா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

வேலை போய் மூன்று மாதம் ஆகிறது. இரண்டு தவணை நின்றுவிட்டது. வங்கியிலிருந்து போன் வந்தால் எடுக்கவே பயமாக இருக்கிறது. (ஆவடி வாசகர்)

போனை எடுங்கள். முடிந்தால் நாளைக்கே கிளைக்கு நேரில் போங்கள். தவணை தவறி 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக் கடனாகிவிடும். அதன் பிறகு கோப்பு வசூல் பிரிவுக்குப் போய்விடும். கிளை மேலாளர் நல்லவராக இருந்தாலும் அவரால் செய்யக்கூடியது குறைவு. இரண்டு தவணைதான் நின்றிருக்கிறது என்றால் குறைந்தது ஒரு மாதம் உங்கள் கையில் இருக்கிறது.

வேலை போன கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு, ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் வட்டியைப் பற்றிப் பேசுங்கள். 2019 அக்டோபருக்கு முன் வாங்கிய கடன் என்றால் இன்னும் பழைய முறை வட்டியிலேயே ஓடிக்கொண்டிருக்கலாம். ரெப்போவோடு, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியோடு, இணைந்த வட்டிக்கு மாற்றித் தரும்படி எழுதிக் கொடுங்கள். அதற்கு ஒரு கட்டணம் கேட்பார்கள். அடுத்ததாகக் கடன் காலத்தை நீட்டக் கேட்கலாம். சில மாதங்களுக்கு வட்டியை மட்டும் கட்ட அனுமதியும் கேட்கலாம்.

ஒரு கணக்கு சொல்கிறேன். பாக்கி 40 லட்சம், மீதம் 20 ஆண்டு, வட்டி 9.5 சதவீதம் என்றால் தவணை சுமார் 37,300 ரூபாய். வட்டி 8.5 ஆனால் 34,700. அதே 8.5 சதவீதத்தில் காலத்தை 30 ஆண்டாக நீட்டினால் 30,750. மாதம் நாலாயிரம் குறைகிறது. ஆனால் மொத்த வட்டி 43 லட்சத்திலிருந்து 70 லட்சத்துக்கு மேல் ஏறிவிடுகிறது. அதனால்தான் வட்டியை முதலில் பேசச் சொல்கிறேன். காலநீட்டிப்பு வாங்கினாலும், வேலை கிடைத்ததும் கூடுதலாகக் கட்டிக் குறைத்துவிடுங்கள். மாறும் வட்டியில் உள்ள தனிநபர் வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைக்க அபராதம் கிடையாது. எந்தச் சலுகை கொடுத்தாலும், உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் அது எப்படிப் பதிவாகும் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

60 நாள் கெடு வைத்து நோட்டீஸ் வந்திருக்கிறது. வீட்டைக் காலி செய்ய வேண்டுமா? (திருப்பூர் வாசகர்)

இப்போது வேண்டாம். இது, அடமானச் சொத்தை வங்கியே எடுத்து விற்க வழிசெய்யும் 2002ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டத்தின் 13(2) பிரிவின்படி வரும் நோட்டீஸ். முழுக் கடனையும் கேட்டிருப்பார்கள், அதைப் பார்த்து மலைத்துப் போகாதீர்கள். நின்றுபோன தவணைகளையும் வட்டியையும் முழுமையாகக் கட்டிவிட்டால் கணக்கு மறுபடி சீரான கணக்காகும். அரைகுறையாகக் கட்டினால் ஆகாது. நகையை விற்றுப் பாதி கட்டிவிட்டு, "கட்டினேனே, ஏன் இன்னும் நோட்டீஸ் வருகிறது?" என்று வந்து நிற்பவர்களைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது.

கணக்கில் தவறு இருந்தால், அல்லது அவகாசம் வேண்டுமென்றால், எழுத்தில் ஆட்சேபம் அனுப்புங்கள். வங்கி 15 நாளுக்குள் பதில் தர வேண்டும். 60 நாள் முடிந்த பின், வீட்டை வங்கி தன் பொறுப்பில் எடுத்ததாகச் சொல்லும் சுவாதீன அறிவிப்பைக் கதவில் ஒட்டுவார்கள். இரண்டு நாளிதழ்களில் வெளியிடுவார்கள், ஒன்று தமிழில் இருக்கும். பெரும்பாலும் அது காகித அளவில்தான். குடியிருப்பவர்கள் விட மறுத்தால், மாவட்ட ஆட்சியர் அல்லது தலைமை நடுவரின் உத்தரவைப் பெற்றுத்தான் வெளியேற்றுவார்கள். சுவாதீன நடவடிக்கை எடுத்த நாளிலிருந்து 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். சென்னை, கோவை, மதுரையில் இருக்கிறது, உங்களுக்குக் கோவை. சிவில் கோர்ட்டில் தடை வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். இந்தச் சட்டத்தின் 34ஆம் பிரிவு அந்த வழியை அடைத்திருக்கிறது.

ஏல அறிவிப்பு வெளியாகும் தேதியை மறக்கவே கூடாது. 2016இல் வந்த திருத்தத்தின்படி அதற்கு முன்பு மட்டுமே முழுக் கடனையும் கட்டி வீட்டை மீட்கும் உரிமை உண்டு. 2023இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்துவிட்டது. என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு குடும்பத்தில் அண்ணன் தம்பிகள் சேர்ந்து பணம் திரட்டிவிட்டார்கள். ஏல விளம்பரம் வந்து நாலு நாள் ஆகியிருந்தது.

வீட்டை விற்றுவிடலாம் என்று இருக்கிறோம். தரகர், "பவர் எழுதிக் கொடுங்கள், வாங்குபவர் தவணையைக் கட்டிக்கொள்வார்" என்கிறார். (மதுரை வாசகி)

விற்பது நல்ல முடிவு. பவர் வேண்டவே வேண்டாம் அம்மா. கடன் உங்கள் பெயரிலேயே நிற்கும். அவர் கட்டாமல் விட்டால் நோட்டீஸ் உங்களுக்குத்தான் வரும், வீடும் கையில் இருக்காது.

வங்கியில் கடன் முடிப்புத் தொகைக் கடிதமும், அவர்களிடம் உள்ள பத்திரங்களின் பட்டியலும் கேட்டு வாங்குங்கள். வாங்குபவர் கடன் எடுத்தால் அவருடைய வங்கி உங்கள் வங்கிக்கு நேரடியாகப் பணம் செலுத்தும், மீதி உங்களுக்கு. முழுதும் அடைத்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் அடமானத்தை ரத்து செய்யும் ரசீதைப் பதியுங்கள். இல்லாவிட்டால் வில்லங்கச் சான்றில் கடன் நின்றுகொண்டே இருக்கும். வீடு கைக்கு வந்த நிதியாண்டு முடிந்து ஐந்து ஆண்டுக்குள் விற்றால், அசலுக்காக வருமான வரிச் சட்டத்தின் 80சி பிரிவில் பெற்ற வரிக்கழிவு உங்கள் வருமானத்தில் திரும்பச் சேர்க்கப்படும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

நீங்களே ஆள் பார்த்து விற்கும் விலை ஏலத்தில் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

வீடு ஏலம் போய்விட்டால் கடன் தீர்ந்துவிடுமா? (சேலம் வாசகர்)

ஏலத்தொகை கடனைவிடக் கூடுதல் என்றால் மிச்சம் உங்களுடையது, கேட்டு வாங்குங்கள். குறைவு என்றால் மீதிக்கு உங்கள் மீதும், ஜாமீன் போட்டவர் மீதும் வங்கி வழக்குப் போடலாம். ஜாமீன்தாரரிடம் நிலைமையை இப்போதே சொல்லிவிடுங்கள்.

இரவு ஒன்பது மணிக்கு வசூல் ஆட்கள் வந்து தெருவே கேட்கச் சத்தம் போடுகிறார்கள். (திருச்சி வாசகி)

காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் கடனுக்காகப் போன் செய்து தொல்லை தரக் கூடாது, மிரட்டவோ அவமானப்படுத்தவோ கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. தேதி, நேரம் குறித்து வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். மிரட்டினால் போலீஸுக்குப் போகத் தயங்காதீர்கள்.

கணவர் போன மாதம் இறந்துவிட்டார். கடன் இருவர் பெயரிலும் இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் வட்டிக்குப் பணம் தருகிறேன் என்கிறார். (தஞ்சாவூர் வாசகி)

அம்மா, அந்தப் பணத்தை வாங்காதீர்கள். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டி என்றாலே ஆண்டுக்கு 36 சதவீதம்; வீட்டுக் கடன் வட்டியைப் போல நாலு மடங்கு.

இணைக் கடன்தாரர் என்பதால் பொறுப்பு உங்களுக்கும் உண்டு. ஆனால் முதலில் கடன் கோப்பைத் தேடி எடுங்கள். கடன் கொடுக்கும்போதே பல இடங்களில் கடன் காப்பீடு எடுக்கவைத்து, பிரீமியத்தைக் கடனோடு சேர்த்துவிடுவார்கள். வீட்டுப் பெண்களுக்குத் தெரியாமலேயே இருக்கும். கடன் அனுமதிக் கடிதத்திலும் கணக்கு அறிக்கையின் முதல் பக்கத்திலும் காப்பீட்டுப் பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இறப்புச் சான்றிதழோடு உடனே கோரிக்கை கொடுத்து, அது முடியும்வரை நடவடிக்கை வேண்டாம் என்று வங்கிக்கு எழுதுங்கள். அவர் வேலை பார்த்த இடத்தில் குழுக் காப்பீடு, பி.எஃப். இருந்ததா என்றும் விசாரியுங்கள். வக்கீல் வேண்டுமானால் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு அங்கே இலவசம்.