கடலூர் முதுநகரில் வீணைத் தந்திகளைத் துருப்பிடிக்காமல் வைப்பது

வணக்கம். காகித உறையில் வைத்திருந்த உங்கள் மாற்று வீணைத் தந்திகளில் முதல் இரண்டான சாரணியும் பஞ்சமமும் ஓராண்டுக்குள் புள்ளி புள்ளியாகத் துருப்பிடித்துவிட்டன என்றும், மூன்றாவது தந்தியான மந்தரம் கறுத்ததே தவிர உறுதியாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். முதல் இரண்டும் வெற்று எஃகுக் கம்பிகள் என்பதால், துறைமுகத்தை ஒட்டிய உங்கள் பகுதியின் உப்புக் காற்றும் ஐப்பசி, கார்த்திகை ஈரமும் சேர்ந்து அவற்றைத்தான் முதலில் தாக்கும். காகிதமோ அந்த ஈரத்தை உறிஞ்சிக் கம்பியோடு ஒட்டவைத்துக்கொள்ளும். மந்தரத்தின் மேல் சுற்றியுள்ள செம்புக் கலவைக் கம்பி கறுப்பது வேறு வகை. நாதம் சற்று மங்கலாம், உடனே அறுந்துவிடாது.

புதிய தந்திகளை மழையில்லாத நாளில், வெறுங்கையால் தொடாமல், அகன்ற வளையமாகவே விட்டு, ஜிப் கவரில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடி, இறுக்கமான டப்பாவில் வையுங்கள். வெற்று எஃகுக்கு மட்டும் தையல் எந்திர எண்ணெயைத் துணியில் தொட்டு மெலிதாகத் தடவலாம். சுற்றுக் கம்பிக்குள் எண்ணெய் இறங்கினால் ஒலி அமுங்கிப்போகும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுக்கும், வேண்டாம். தந்திகளைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கும் யோசனையையும் கைவிடுங்கள். வெளியே எடுத்ததும் நீர் முத்து முத்தாகப் படியும்.

இப்படி வைத்தால் எஃகுத் தந்தி சில ஆண்டுகள் தாங்கும் என்பது என் கணிப்பு. விரலுக்குச் சொரசொரப்பாகத் தட்டுப்படும் கம்பியைத் தேய்த்துப் பயன்படுத்த வேண்டாம். துரு அரித்த குழியில்தான் அது முறுக்கேற்றும்போது அறும்.