குருக்கள் திருமணம் செய்யக்கூடாது என்ற சட்டம் 1139இல் வந்துவிட்டது, தண்டித்தார்களா என்பதற்குத்தான் ஆதாரம் இல்லையா?

வணக்கம். இடைக்காலத்தில் குருக்களின் ஒழுக்கக்கேட்டைக் கத்தோலிக்கத் திருச்சபை உண்மையிலேயே விசாரித்ததா, பருவக் கட்டுரைக்கு வெறும் ஆணைகள்தான் கிடைக்கின்றன என்று கேட்டிருந்தீர்கள். 1139இல் ரோமில் ஆயர்கள் கூடிய இரண்டாம் லாத்தரன் பொதுச்சங்கம் குருக்களின் திருமணமே செல்லாது என்றது, சரி. ஆனால் அதிலேயே நின்றால் கட்டுரை நகராது.

வட பிரான்சின் நார்மண்டிப் பகுதியிலுள்ள ரூவான் நகரின் பேராயர் ஊத் ரிகோவின் (Eudes Rigaud) பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். பிரான்சிஸ்கன் துறவியான இவர் 1248 முதல் 1269 வரை நார்மண்டியில் ஊர் ஊராகப் போய் விசாரித்ததை அன்றாடம் எழுதி வைக்கச் செய்தார். இன்ன ஊர்க் குருவுக்கு இன்ன பெண்ணோடு தொடர்பு என்று ஊரில் பேச்சு, இன்னொருவர் குடிக்கிறார், இன்னொருவர் சூதாடுகிறார் என்று வரிசையாகப் போகும். படித்தால் நம்மூர்த் திண்ணைப் பேச்சு மாதிரியே இருக்கும்!

தண்டனையைத்தான் கவனிக்க வேண்டும். உடனே பதவியைப் பறிப்பது அரிது. 'மறுபடி இப்படிப் பேச்சு எழுந்து, நான் குற்றமற்றவன் என்று நிரூபிக்க முடியாவிட்டால், என் பங்கை (என் பொறுப்பில் உள்ள கோயிலையும் மக்களையும்) விட்டு விலகியதாகக் கொள்ளலாம்' என்ற பொருளில் அந்தக் குருவிடமே ரிகோ எழுதி வாங்கிக்கொள்வார். ஊர்ப்பேச்சை வைத்தே விசாரணையைத் தொடங்கலாம் என்ற வழியை 1215இன் நான்காம் லாத்தரன் சங்கம் உறுதி செய்திருந்தது. அதே சங்கத்தின் 14ஆம் விதியையும் விடாதீர்கள்: காசுக்காகக் கண்டும் காணாமல் இருக்கும் மேலதிகாரிக்கும் அதே தண்டனை. அப்படி ஒரு விதி தேவைப்பட்டதே பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறது.

அப்புறம், பதிவேட்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறது. லத்தீன் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.