மெக்கானிக் மாட்டுன ஸ்டீரிங் கேபிள் மறுபடி இறுகிட்டு, நானே கழட்டலாமா?

கேள்வி: வக்கீல் அண்ணாச்சி, எனக்கு உவரி பக்கம். சொந்தமா ஒரு பைபர் போட் இருக்கு, வீல் ஸ்டீரிங் வச்சது, நானும் மச்சானும்தான் கடலுக்குப் போவோம். ஸ்டீரிங் இறுகிப் போச்சுன்னு தூத்துக்குடில இருந்து ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டு புது கேபிள் போட்டோம், கேபிளும் கூலியும் சேத்து 14,000 ரூபா ஜிபே பண்ணுனேன், பில் தரல. ஒரு மாசம்கூட ஆகல, பழையபடி இறுகிட்டு. கேட்டா, நீங்க கழுவி வைக்கல, நான் பொறுப்பில்லன்னுட்டாரு. மச்சான் சொல்லுதான், நாமளே வேற கேபிள் வாங்கி மாட்டிட்டு அவர் மேல கேஸ் போடுவோம்னு. செய்யலாமா?

பதில்: தம்பி, ரெண்டும் செய்யலாம், ஆனா மச்சான் சொல்ற வரிசைல செஞ்சா கேஸ் அங்கனயே முடிஞ்சிரும். நம்ம போட்ல நாமளே ஸ்பேனர் பிடிக்கக் கூடாதுன்னு தடை ஒண்ணும் கிடையாது. சிக்கல் என்னன்னா, வேலை சரியில்லன்னு நிரூபிக்க வேண்டியது நீங்கதான், அந்த நிரூபணம் முழுக்க இப்ப அந்த இஞ்சின்ல மாட்டுன நிலைமைலயேதான் இருக்கு, நீங்க கழட்டி வீசிட்டீங்கன்னா எதிர்க்கட்சி வக்கீல் எந்திரிச்சு, கெடுத்தது இவங்களேதான்னு ஒரே வரில சொல்லிட்டு உக்காந்திருவாரு.

அதனால மொதல்ல மெக்கானிக்குக்கு வாட்ஸ்ஆப்ல எழுதுங்க, இன்ன தேதி திறந்து பாக்கப் போறோம், நீங்களும் வாங்கன்னு. அவர் வரலன்னா விவரம் தெரிஞ்ச வேற மெக்கானிக் ஒருத்தரை வச்சு, மச்சானை போன்ல வீடியோ எடுக்கச் சொல்லுங்க. பாக்க வேண்டியது ரொம்ப இல்ல. இஞ்சினையும் கேபிளையும் இணைக்கிற லிங்க் ராடை மட்டும் கழட்டிட்டு வீலைத் திருப்பிப் பாக்கணும். வீல் லேசா சுத்துச்சுன்னா கேபிள்ல குத்தமே இல்ல, இஞ்சினைக் கையால இடமும் வலமும் தள்ளிப் பாருங்க, அதுதான் அதோட அச்சுலயே இறுகியிருக்கும். அப்படின்னா தேவையே இல்லாம உங்க தலைல கேபிளைக் கட்டிருக்காரு, அதுவே சேவைக் குறைபாடு. லிங்க் ராடைக் கழட்டுன பிறகும் வீல் இறுக்கமா இருந்தா கேபிளை வெளிய இழுத்து, அது போய்வர்ற டில்ட் ட்யூபுக்குள்ள டார்ச் அடிச்சுப் பாக்கச் சொல்லுங்க. உப்பும் பழைய கிரீஸும் சேந்து கல்லு மாதிரி காஞ்சு உள்ள ஒட்டியிருந்தா, அந்த ட்யூபைச் சுரண்டித் துடைக்காமலே புதுக் கேபிளைச் சொருகிட்டாருன்னு அர்த்தம். கழுவலன்னு அவர் சொல்ற சாக்குக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது, ஏன்னா ஒரு மாசத்துல அவ்வளவு கட்டியா காயாது. பாத்த மெக்கானிக் கண்டதை ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும், கழட்டுன கேபிளை எண்ணெய் போட்டுத் துடைக்காம அப்படியே சாக்குல கட்டி வைங்க, கேஸ் நடக்கிற நுகர்வோர் கமிஷன் கேட்டா ஆய்வுக்கு அனுப்புவாங்க.

இதுக்குப் பிறகு மச்சான் தாராளமா மாட்டட்டும். ஆனா பழைய கேபிள் உறைல அச்சடிச்ச நம்பரைப் பாத்து அதே நீளம் வாங்கணும், குட்டையா வாங்கி மடக்கி இழுத்து மாட்டிட்டு பிறகு கேபிள் போச்சுன்னு கடைக்காரர்கிட்ட நிக்க முடியாது, 2019 நுகர்வோர் சட்டத்துல 87ஆம் பிரிவு, பொருளைத் தப்பா பயன்படுத்தியோ மாத்தியோ இருந்தா வித்தவர் பொறுப்பில்லன்னு சொல்லுது. லிங்க் ராடு நட்டும் பழையதைப் போடாதீங்க, தானா கழலாத லாக் நட்டு புதுசாவே போடுங்க. நீங்க மாட்டுனதுல வர்ற வினை உங்களோடது, கூலி மிச்சம்னு நினைக்கும்போது இதையும் சேத்து நினைச்சுக்கோங்க.

அதுவரைக்கும் அந்த இறுகுன வீலோட கடலுக்குப் போகாதீங்க. கோளாறு தெரிஞ்சே ஓட்டி யாரையாவது இடிச்சா அது பாரதிய நியாய சன்ஹிதா, அதான் ஐ.பி.சி.க்குப் பதிலா வந்த குற்றச் சட்டம், 282ஆம் பிரிவுக்குள்ள வரும், ஆறு மாசம் வரைக்கும் ஜெயில். திருவிழாக்கு வர்ற ஜனங்களைக் காசு வாங்கிட்டு ஏத்துனா 284 தனியா வரும், மெக்கானிக் சரியா மாட்டலன்னு அங்க போய்ச் சொல்லிப் பிரயோஜனமில்ல.

கேஸ்ல அவங்க மொதல்ல எடுக்கிற ஆயுதம், போட் வியாபாரத்துக்கு, அதனால இவர் நுகர்வோரே இல்லங்கிறதுதான். பயப்படாதீங்க. சொந்தப் பிழைப்புக்காகத் தானே உழைக்கிறவரை சட்டம் வெளிய தள்ளல. 1995ல லக்ஷ்மி இன்ஜினியரிங் வழக்குல (எதிர்த்தரப்பு நம்ம கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி.தான்) உச்ச நீதிமன்றம், ஒண்ணு ரெண்டு பேரைத் துணைக்கு வச்சுக்கிட்டா மட்டும் ஒருத்தர் நுகர்வோர் இல்லன்னு ஆயிராதுன்னு சொல்லிருக்கு. மச்சான் துணைதான். நாலு போட் வாங்கி ஆள் வச்சு ஓட்டுனா கதை வேற.

பில் இல்லங்கிறதும் பெரிய குறை இல்ல, பில் தராததே முறையற்ற வணிகம்னு அதே சட்டம் சொல்லுது. ஜிபே ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பாம பேங்க் ஸ்டேட்மென்ட் எடுத்துருங்க, வாட்ஸ்ஆப் சாட்டை அழிக்காம போனோட பத்திரமா வைங்க, அதைக் கேஸ்ல ஆதாரமா போட புது சாட்சிய சட்டம் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் தேவைப்படும். தொழில் போன நாளுக்கு நஷ்ட ஈடு கேக்கணும்னா முந்தைய மாசம் மீன் ஏலம் போட்ட சீட்டு இருந்தாத்தான் தொகை நிக்கும், சும்மா லட்சம் கேட்டா தர மாட்டாங்க.

ஸ்பீட் போஸ்ட்ல ஒரு நோட்டீஸ் விடுங்க, நோட்டீஸ் கட்டாயம் இல்ல, ஆனா பாதிப் பேர் அதுலயே பணத்தைத் திருப்பிக் குடுத்துருதாங்க. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கும் போன் போட்டுப் புகாரைப் பதியலாம். அசையலன்னா ரெண்டு வருஷத்துக்குள்ள மனுப் போடணும், அஞ்சு லட்சம் வரைக்கும் குடுத்த விவகாரத்துக்குக் கட்டணம் கிடையாது. அவர் தூத்துக்குடிக்காரர்ங்கிறதுக்காக அங்க அலைய வேண்டாம், நீங்க குடியிருக்கிற இடத்தை வச்சே திருநெல்வேலி மாவட்டக் கமிஷன்ல போடலாம், வர்றப்ப அந்தச் சாக்குல கட்டுன கேபிளையும் கொண்டாங்க.