எந்த மாட்யூல் எதை நம்பி நிற்கிறது? லினக்ஸ் கெர்னல் கேள்வி பதில்

லினக்ஸின் மையமான கெர்னலில் தேவைப்படும்போது ஏற்றி இறக்கும் நிரல் துண்டுகள்தான் மாட்யூல்கள். அவை ஒன்றை ஒன்று சார்ந்திருப்பது பற்றி வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்து நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

காட்பாடி, பொறியியல் மாணவர்: அண்ணா, ஆர்டுயினோ போர்டுக்காக சிஎச்341 என்ற யூஎஸ்பி டிரைவர் மாட்யூலை இன்ஸ்மாட் (insmod) கட்டளை கொடுத்து ஏற்றினேன். 'அன்னோன் சிம்பல் இன் மாட்யூல்' என்று வந்தது. மாட்ப்ரோப் (modprobe) கட்டளை கொடுத்தால் உடனே ஏறிவிட்டது. இரண்டும் அதே கோப்பைத்தானே ஏற்றுகின்றன?

கோப்பு அதேதான் தம்பி. சிஎச்341 தனியாக நிற்காது. யூஎஸ்பிசீரியல் என்ற இன்னொரு மாட்யூலில் இருக்கும் ஃபங்ஷன்களைக் கூப்பிடுகிறது. இன்ஸ்மாட் நீங்கள் கொடுத்த கோப்பை அப்படியே கெர்னலிடம் தள்ளிவிடும், வேறு எதையும் யோசிக்காது. கெர்னல் அந்த ஃபங்ஷன் பெயர்களைத் தன்னிடம் தேடிப் பார்க்கும். இல்லையென்றால் மறுத்துவிடும். எந்தப் பெயர் கிடைக்கவில்லை என்பதை கெர்னலின் செய்திப் பதிவான டிமெசேஜில் (dmesg) எழுதியிருக்கும், முதலில் அங்கே பாருங்கள். மாட்ப்ரோப் அப்படியல்ல. எந்த மாட்யூலுக்கு எது தேவை என்று சொல்லும் மாட்யூல்ஸ்.டெப் பட்டியலைப் பார்த்து யூஎஸ்பிசீரியலை முதலில் ஏற்றிவிட்டுத்தான் சிஎச்341-க்கு வரும்.

குடியாத்தம், கணினி ஆசிரியை: அந்தப் பட்டியலை யார் எழுதுகிறார்கள் சார்? டிரைவர் எழுதுபவரா?

இல்லைங்க மேடம், டெப்மாட் என்ற நிரல்தான் எழுதுகிறது. ஒரு மாட்யூல் பிறருக்குத் தர விரும்பும் ஃபங்ஷன்களை 'எக்ஸ்போர்ட் சிம்பல்' என்று அறிவிக்கும் (சிம்பல் என்றால் இங்கே ஃபங்ஷன் போன்றவற்றின் பெயர்). தன்னிடம் இல்லாமல் வெளியிலிருந்து தேவைப்படுபவை அதன் கோப்பிலேயே நிரப்பாத பெயர்களாக இருக்கும். டெப்மாட் எல்லாக் கோப்புகளையும் திறந்து, கொடுப்பவரையும் கேட்பவரையும் பொருத்துகிறது. அந்தந்த கெர்னல் பதிப்பின் மாட்யூல் அடைவிலேயே பட்டியலை வைத்துவிடும். மாட்ப்ரோப் வேகமாகத் தேட பைனரி வடிவிலும் ஒரு பிரதி உண்டு.

ஒரு வரியில் ஒரு மாட்யூலின் முழுச் சங்கிலியும் இருக்கும். சிடிசி_என்சிஎம் என்ற யூஎஸ்பி நெட்வொர்க் டிரைவரின் வரியைப் பாருங்கள்: சிடிசி_ஈதர், யூஎஸ்பிநெட், எம்ஐஐ என்று வரும். அதை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும், எம்ஐஐதான் முதலில் ஏறும். சொந்தமாகக் கட்டிய மாட்யூலை அந்த அடைவில் போட்டால் டெப்மாட்டை ஒருமுறை ஓட்டுங்கள். இல்லையென்றால் கோப்பு கண்ணெதிரே இருந்தும் மாட்ப்ரோப் 'இல்லை' என்றுதான் சொல்லும்.

ராணிப்பேட்டை, தொழிற்சாலைக் கருவிகளுக்கு மென்பொருள் எழுதுபவர்: சின்ன போர்டு ஒன்றுக்கு இமேஜ் (அதில் ஏற்றும் முழு சிஸ்டத்தின் தொகுப்பு) தயாரிக்கிறேன். மாட்யூல்ஸ்.டெப்பில் விஃபேட் (பென்டிரைவ் ஃபைல்சிஸ்டம்) வரியில் இருந்த எல்லாவற்றையும் நகலெடுத்தேன், வேறொன்றும் எடுக்கவில்லை. பென்டிரைவ் மவுன்ட் ஆகவில்லை. 'ஐஓ கேரக்டர்செட் ஐஎஸ்ஓ8859-1 நாட் ஃபவுண்ட்' என்கிறது. பட்டியல் பொய் சொல்கிறதா?

பட்டியல் பொய் சொல்லவில்லை. அதற்குத் தெரிந்தது சிம்பல் மூலம் வரும் சார்பு மட்டும்தான். விஃபேட், ஃபேட் மாட்யூலின் ஃபங்ஷன்களை நேரடியாகக் கூப்பிடுகிறது, அதனால் ஃபேட் பட்டியலில் வந்துவிட்டது. கோப்புப் பெயர்களின் எழுத்துக்குறி மாற்று அட்டவணையை அப்படிக் கூப்பிடுவதில்லை. மவுன்ட் செய்யும் நேரத்தில் எந்த அட்டவணை வேண்டும் என்பது வெறும் பெயராக, ஒரு சரமாக வருகிறது. மவுன்ட் ஆப்ஷனில் நீங்கள் கொடுத்திருக்கலாம், அல்லது கெர்னல் கட்டும்போது வைத்த இயல்புப் பெயராக இருக்கலாம். அந்தப் பெயரில் அட்டவணை நினைவகத்தில் இல்லையென்றால், கெர்னல் 'ரிக்வெஸ்ட் மாட்யூல்' வழியாக மாட்ப்ரோப்பை எழுப்பி, என்எல்எஸ்_ஐஎஸ்ஓ8859-1-ஐ ஏற்றச் சொல்கிறது. ஓடும்போது பிறக்கும் இந்தப் பெயர், கோப்பைத் திறந்து பார்க்கும் டெப்மாட்டின் கண்ணில் எப்படிப் படும்?

இமேஜ் சுருக்குபவர்கள் எல்லோரும் கவனிக்க வேண்டிய இடம் இது. கிரிப்டோ அல்காரிதங்கள், ஐபிடேபிள்ஸ் விதிகளின் எக்ஸ்டென்ஷன்கள், மவுன்ட் செய்யும் ஃபைல்சிஸ்டம் வகை எல்லாமே இப்படிப் பெயர் சொல்லி அழைக்கப்படுபவை. உங்கள் இமேஜில் என்எல்எஸ்_சிபி437, என்எல்எஸ்_ஐஎஸ்ஓ8859-1 என்ற அட்டவணை மாட்யூல்கள் இரண்டையும் சேர்த்து, இமேஜின் அடைவைச் சுட்டி டெப்மாட்டை மறுபடி ஓட்டுங்கள். இரண்டையும் கெர்னலுக்குள்ளேயே சேர்த்துக் கட்டினாலும் சரி. எதுவானாலும் உண்மையான பென்டிரைவைச் செருகி மவுன்ட் செய்து பாருங்கள். பட்டியலை மட்டும் நம்பி இமேஜை வெளியே அனுப்ப வேண்டாம்.

ஆம்பூர்: அப்படியானால் 'சாஃப்ட்டெப்' என்பது எதற்கு?

மேலே சொன்ன ஓட்டையை அடைக்கத்தான். ஆம்பூர் பிரியாணிக்குக் கத்தரிக்காய் மாதிரி: இல்லாவிட்டாலும் பிரியாணி வரும், ஆனால் இருக்கிறதா என்று முதலில் கேட்பார்கள். டிரைவர் எழுதுபவர் 'மாட்யூல் சாஃப்ட்டெப்' வரியில் முன்னால் ஏற்ற வேண்டியதையும் பின்னால் ஏற்ற வேண்டியதையும் சொல்லிவிடலாம். எக்ஸ்ட்4 ஃபைல்சிஸ்டம் மாட்யூல், பிழை சரிபார்க்கும் சிஆர்சி32சி-யை நெடுங்காலம் இப்படித்தான் முன்னால் கேட்டது. சொன்ன மாட்யூல் கிடைக்காவிட்டாலும் மாட்ப்ரோப் நிற்காமல் தொடரும். நீங்களே மாட்ப்ரோப்பின் அமைப்புக் கோப்புகள் இருக்கும் மாட்ப்ரோப்.டி அடைவில் ஒரு வரி எழுதியும் இதைச் சேர்க்கலாம். பெயர் சொல்லி அழைக்கும் டிரைவர்களில் பலவற்றில் இந்த வரியே இல்லை என்பதுதான் என் வருத்தம். டிரைவர் எழுதும் தம்பி தங்கைகள் தயவுசெய்து எழுதுங்கள்.

வாலாஜா: மாட்யூலை இறக்க ஆர்எம்மாட் (rmmod) கொடுத்தால் 'இன் யூஸ்' என்கிறது. ஏறியிருக்கும் மாட்யூல்களைக் காட்டும் எல்எஸ்மாட்டில் (lsmod) எண் 2, ஆனால் பக்கத்தில் ஒரே ஒரு மாட்யூல் பெயர். இன்னொன்று யார்?

இது கெர்னல் நினைவகத்தில் வைத்திருக்கும் கணக்கு, டெப்மாட் கோப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உங்கள் மாட்யூலின் சிம்பலைப் பயன்படுத்தும் மாட்யூல் ஒவ்வொன்றும் ஏறும்போது எண் ஒன்று கூடும், பெயரும் வரும். யாராவது அதன் டிவைஸ் கோப்பைத் திறந்து வைத்திருந்தாலோ, அதன் ஃபைல்சிஸ்டம் மவுன்ட் ஆகியிருந்தாலோ எண் மட்டும் கூடும், பெயர் வராது. உங்கள் இரண்டாவது ஆள் அப்படிப்பட்டவர். எந்தக் கோப்பை யார் திறந்திருக்கிறார்கள் என்று காட்டும் எல்எஸ்ஓஎஃப் (lsof) அல்லது ஃப்யூசர் (fuser) கொண்டு தேடுங்கள். அதை மூடிய பிறகு 'மாட்ப்ரோப் -ஆர்' கொடுத்தால், யாருக்கும் தேவைப்படாமல் போன கீழ் மாட்யூல்களையும் சேர்த்து இறக்கிவிடும். வலுக்கட்டாயமாக இறக்கும் ஆப்ஷன் பக்கம் போகவே வேண்டாம். பயன்பாட்டில் இருக்கும் நிரலை நினைவகத்திலிருந்து பிடுங்கினால் கெர்னலே விழுந்துவிடும்.

ஆற்காடு: இரண்டு மாட்யூல்கள் ஒன்றை ஒன்று கூப்பிடலாமா அண்ணே?

கூடாது. எதை முதலில் ஏற்றுவது? டெப்மாட் சுழல் இருப்பதாகச் சொல்லும். இரண்டுக்கும் பொதுவானதை மூன்றாவது மாட்யூலாகப் பிரித்துவிடுங்கள்.

சத்துவாச்சாரி: ஒரு மாட்யூல் ஏறக்கூடாது என்று பிளாக்லிஸ்ட் செய்தும் ஏறிவிடுகிறதே?

பிளாக்லிஸ்ட் தடுப்பது அந்த மாட்யூலின் ஏலியஸ் வழியாக வருவதை, அதாவது வன்பொருளைப் பார்த்துத் தானாக ஏறுவதை மட்டும்தான். இன்னொரு மாட்யூலின் சார்பாக வந்தால் ஏறிவிடும். முழுக்கத் தடுக்க, மாட்ப்ரோப்.டி-யில் 'இன்ஸ்டால்' வரியில் மாட்யூல் பெயரையும் அதற்கு எதிரே /bin/false கட்டளையையும் எழுதுங்கள். அதை நம்பியிருக்கும் மாட்யூலும் அப்போது ஏறாது, அதை யோசித்துச் செய்யுங்கள். அப்புறம் கணினி எழும்போது முதலில் ஏறும் சிறு தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸை (initramfs) மறுபடி கட்டுங்கள். கணினி எழும்போது ஏறும் மாட்யூல்கள் அதற்குள் இருக்கும் பழைய நகலைத்தான் பார்க்கும்.