கயிறு விழுந்த வயல்

அன்புள்ள ஐயா,

கல்லல் பக்கம் மானாவாரி விவசாயக் குடும்பம் எங்களுடையது. வேளாண் டிப்ளமோ முடித்து ஐந்து வருடம் அப்பாவோடு வயலில் கிடந்தேன். இப்போது உதவி வேளாண்மை அலுவலர் வேலை கிடைத்திருக்கிறது. 'இனிமே உனக்கு வயக்காடு மறந்துபோகும்' என்கிறார் அப்பா. உங்கள் சித்தப்பாவும் உழுதுகொண்டிருந்து இந்த வேலைக்குப் போனவர் என்று எழுதியிருந்தீர்கள். விவசாயியாக இருந்தது அவருக்கு உதவியதா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

வாழ்த்துகள். உதவியது. ஒரு தடவை நன்றாக மாட்டியும் விட்டது.

நம் பக்கம் காய்ந்த புழுதியில் நெல்லை விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கிறவர்கள். பரிந்துரைத் தாளில் 'இத்தனையாம் நாள் மேலுரம்' என்று இருக்கும். எதிலிருந்து எண்ணுவது? விதை மண்ணுக்குள் பதினைந்து நாள் சும்மா கிடக்குமே. மண் நனைய மழை பெய்த அன்றுதான் சித்தப்பாவுக்கு முதல் நாள். தஞ்சாவூரிலிருந்து புதிதாக வந்த ஒருவருக்கு (ஆற்றுப் பாசனத்துப் பிள்ளை, பாவம்) இதை அவர்தான் சொல்லிக்கொடுத்தார்.

மாட்டியது பயிர் அறுவடைப் பரிசோதனையில். உங்களுக்கும் அது வரும். ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, உள்ளே நிற்பதை அறுத்து, அங்கேயே அடித்துத் தூற்றி எடை போட வேண்டும். அதை 400ஆல் பெருக்கினால் ஹெக்டேர் மகசூல். தராசில் ஒரு கிலோ கூடினால் கணக்கில் 400 கிலோ கூடிவிடும். இப்படிச் சில வயல்களின் சராசரி, அந்தப் பகுதிக்குக் காப்பீட்டில் முன்பே குறித்து வைத்த உத்தரவாத மகசூலுக்குக் கீழே போனால்தான் காப்பீட்டு இழப்பீடு. எந்த வயல், அதில் எந்த இடம் என்பதைக் குலுக்கல் எண்தான் சொல்லும்.

அந்த வருஷம் கண்மாய் பாதிதான் பெருகியது. தண்ணீர் எட்டாத கடைமடையெல்லாம் சாவி, மணி பிடிக்காத வெறும் பதர். எண் விழுந்ததோ தண்ணீர் முதலில் பாயும் மடையடி வயலில். மணி கனத்துக் கதிர் சாய்ந்து கிடந்தது. ஊர் வேறு சித்தி பிறந்த ஊர். 'மாப்பிள்ளை, கயித்த நாலு வயல் தள்ளிப் போடுங்க' என்றார்கள். கடைமடையில் மச்சினன் வயலும் இருந்தது. சித்தப்பா எண் சொன்ன இடத்திலேயே போட்டார்.

அவர் செய்தது சரி என்றுதான் நினைக்கிறேன். ஆனால் லேசாகச் செய்யவில்லை. விவசாயம் தெரியாத ஆள் என்றால் எடையைக் குறித்துக்கொண்டு பஸ் ஏறியிருப்பார். இவருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. எந்த மூலையில் மணி குறையும் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிகிற கண் தன்னுடையது, அந்தக் கண்தான் ஆபத்து என்பார். அதற்கப்புறம் கயிற்றை அவர் தொட்டதே இல்லை. ஒரு முனை வயல்காரர் கையில், மறுமுனை காப்பீட்டு நிறுவன ஆள் கையில். இவர் வரப்பில் நின்று எண்ணை மட்டும் வாசிப்பார்.

ஆக, வயக்காடு மறக்குமே என்று அப்பா கவலைப்பட வேண்டாம். சொந்தக்காரர்கள் இருக்கிற ஊரில் மட்டும் பணியிடம் கிடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த இரண்டு பொங்கலுக்கும் சித்திக்குப் பிறந்த வீட்டுச் சீர் வரவில்லை. மூன்றாம் வருஷம் வந்தது. பானைதான் கொஞ்சம் சின்னது.