கவரில் பணம் வேண்டாம், பெயர் போட்டுக் கடிதம் எழுதுங்கள்

கேள்வி: என் அம்மாவுக்கு 71 வயது. இடுப்பு எலும்பு முறிந்து கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையில் 18 நாள் இருந்தார். பெண்கள் வார்டு என்பதால் இரவில் நான் தங்க முடியாது. வீட்டில் வேறு பெண்களும் இல்லை. அங்கே வேலை பார்க்கும் ஓர் ஆயாம்மா, ட்யூட்டி முடிந்தும் போகாமல் அம்மாவுக்குத் தலைவாரிவிட்டு, கஞ்சி ஊட்டிவிட்டுத்தான் பஸ் ஏறுவார். இரவு ட்யூட்டி சிஸ்டர் ஒருவர் அம்மாவுக்குப் படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொண்டார். டிஸ்சார்ஜ் அன்று ஆயாம்மாவிடம் ஒரு கவரில் 2,000 ரூபாய் நீட்டினேன். கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். வீடியோ எடுத்து ஃபேஸ்புக்கில் போடலாம் என்கிறார் மச்சான். ஊரில் பாராட்டு விழா வைக்கலாமா என்று நான் யோசிக்கிறேன். எது சரி?
- வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: தம்பி, அந்த ஆயாம்மா கையை இழுத்துக்கொண்டது நல்லதுக்குத்தான். உங்களுக்கு மனம் சங்கடப்பட்டிருக்கும். ஆனால் அவர் தன்னையும் காப்பாற்றிக்கொண்டார், உங்களையும் காப்பாற்றினார். 1988-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம் 2018-இல் திருத்தப்பட்ட பிறகு, லஞ்சம் கொடுப்பதும் தனிக் குற்றம். நீங்கள் கொடுத்தது நன்றி என்பது உங்களுக்குத் தெரியும். நாலு கட்டில் தள்ளி நின்று பார்ப்பவருக்குக் கவர் மட்டும்தான் தெரியும். பல அரசு மருத்துவமனைகளில் ஆயாம்மாக்கள் தனியார் நிறுவனம் வழியாக ஒப்பந்தத்தில் வேலை செய்கிறார்கள். “காசு வாங்கினாள்” என்று யாராவது ஒரு வார்த்தை சொன்னால் போதும், விசாரணைகூட இல்லாமல் மறுநாள் வேலை போய்விடும்.

இன்னொன்றும் உண்டு. இன்று நீங்கள் மனமுவந்து கொடுக்கும் பணம், நாளை அதே கட்டிலுக்கு வருகிற ஏழைக் கிழவியிடம் எதிர்பார்ப்பாக நிற்கும். 31 வருடம் வார்டுகளில் இருந்து, செவிலியர் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள் நான். டீக்காசில் தொடங்கி ஸ்ட்ரெச்சர் தள்ளக் காசு என்று அது வளர்வதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வீடியோ வேண்டவே வேண்டாம். நான் வேலை பார்த்த ஓரிடத்தில், ஒரு குடும்பம் நல்லெண்ணத்தோடுதான் வார்டு உதவியாளர் ஒருவரைப் படம் பிடித்துப் போட்டது. பின்னால் பக்கத்துக் கட்டில் நோயாளியின் முகம் தெரிந்தது. அவர்கள் வீட்டார் புகார் கொடுத்தார்கள். “படம் எடுக்க ஏன் விட்டாய்?” என்று அந்த உதவியாளருக்கு மெமோ வந்தது. அவள் அழுதது இன்னும் நினைவிருக்கிறது.

பாராட்டு விழாவுக்கும் விதி இருக்கிறது. புதுச்சேரி அரசு ஊழியர்களுக்குப் பொருந்தும் 1964-ஆம் ஆண்டின் மத்திய நடத்தை விதிகள்படி, தன்னைக் கௌரவிக்கும் கூட்டத்தில் கலந்துகொள்ளவே ஊழியர் முன்அனுமதி வாங்க வேண்டும். கடலூர் போலத் தமிழ்நாட்டில் வேலை பார்க்கும் மாநில அரசு ஊழியர்களுக்கு 1973-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு நடத்தை விதிகள் பொருந்தும். அதிகாரியைக் கேட்காமல் சிஸ்டரை மேடையேற்றினால், பதில் சொல்லவேண்டியவர் அவர்தான்.

அதனால் கடிதம் எழுதுங்கள். சாதாரண விஷயம் போலத் தோன்றும், ஆனால் மருத்துவமனைக்குத் தபாலில் வருவது பெரும்பாலும் புகார்தான். பாராட்டு வந்தால் அதிகாரி இரண்டு முறை படிப்பார். கோப்பில் ஏறும். பதவி உயர்வின்போதும், வேறெதற்காவது அந்த ஊழியர் மேல் பேச்சு வரும்போதும் அந்தத் தாள் கூட நிற்கும். செவிலியருக்காவது 1973-இல் தொடங்கிய தேசிய ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் விருது இருக்கிறது. ஆயாம்மா அந்தப் பட்டியலில் வரமாட்டார். அவர் கைக்கு வரக்கூடியது உங்கள் கடிதம்தான்.

“எல்லோரும் நன்றாகக் கவனித்தார்கள்” என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. பெயர், வார்டு, எந்த ட்யூட்டி, எந்தத் தேதிகள், அம்மாவின் உள்நோயாளி எண், என்ன செய்தார் என்பதெல்லாம் வேண்டும். இப்படி எழுதலாம்: “என் தாயார் அசைய முடியாமல் இருந்த இரவுகளில், செவிலியர் திருமதி ... அவர்கள் இரண்டு மணிக்கொரு முறை கால்களுக்கு நடுவே தலையணை வைத்து அவரைத் திருப்பிப் படுக்கவைத்தார். 18 நாள் படுத்திருந்தும் முதுகில் ஒரு புண்கூட இல்லை.” இதைப் படிக்கும் மருத்துவருக்கு அதன் அருமை உடனே புரியும். இடுப்பு முறிந்த முதியவருக்கு ஒரே பக்கம் சில மணி நேரம் அழுத்தம் விழுந்தாலே தோல் சிதையத் தொடங்கும். முழு வார்டையும் பார்த்துக்கொண்டு இதையும் மறக்காமல் செய்வது சின்ன வேலை இல்லை.

எழுதும்போது ஓர் எச்சரிக்கை: விதியை மீறிச் செய்த உதவியைப் புகழாதீர்கள். பார்வையாளர் நேரம் தாண்டி உங்களை உள்ளே விட்டிருந்தால், அல்லது ஆயாம்மா மாத்திரை எடுத்துக் கொடுத்திருந்தால், அது உங்கள் நெஞ்சுக்குள் இருக்கட்டும். தாளில் ஏறினால் பாராட்டு மெமோவாக மாறும். “மற்றவர்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, இவர் மட்டும்தான்” என்றும் எழுதாதீர்கள். அடுத்த நாள் அதே ஆட்களோடுதான் அவர் வேலை செய்ய வேண்டும். புகார் இருந்தால் தனிக் கடிதம் போடுங்கள்.

பெறுநர்: மருத்துவப் பணிகள் இணை இயக்குநர், கடலூர். நகல்கள் ஆர்.எம்.ஓ.வுக்கும் (நிலைய மருத்துவ அலுவலர்) செவிலியர் கண்காணிப்பாளருக்கும். ஆயாம்மா ஒப்பந்தப் பணியாளர் என்றால், அவருடைய நிறுவனத்தின் மேற்பார்வையாளருக்கு ஒரு நகல் கட்டாயம். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையாக இருந்தால் மருத்துவக் கண்காணிப்பாளருக்கு எழுதலாம். நேரில் கொடுத்து, உங்கள் பிரதியில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர் கூட்டத்திலும் ஒரு பிரதி கொடுக்கலாம். குறைகளுக்கு நடுவே ஒரு நன்றி மனுவும் போகட்டும். சுதந்திர தினத்திலும் குடியரசு தினத்திலும் ஆட்சியர் நற்சான்றிதழ் வழங்குவார். அதற்கான பெயர்கள் துறையிலிருந்துதான் போகும் என்பதால், ஓரிரு மாதம் முன்பே கடிதம் சேர்வது நல்லது.

வெறுங்கையோடு நிற்க மனம் வரவில்லை என்றால், வார்டு முழுக்கப் பகிர்ந்து சாப்பிடும்படி ஏதாவது வாங்கிப் போங்கள்; மூன்று ஷிப்டுக்கும் வரட்டும். 1999-இல் அமெரிக்காவில் பேட்ரிக் பார்ன்ஸ் என்ற 33 வயது இளைஞர் மருத்துவமனையில் இருந்தபோது, அப்பா கொண்டுவந்த இலவங்கப்பட்டை ரொட்டியை விரும்பிச் சாப்பிட்டுவிட்டு, நாளைக்கு நர்ஸ்கள் எல்லோருக்கும் சேர்த்து வாங்கிவரச் சொன்னாராம். அவர் பிழைக்கவில்லை. செவிலியர் காட்டிய பரிவை மறக்காத குடும்பம், நோயாளிகளும் வீட்டாரும் எழுதும் கடிதத்தை வைத்தே செவிலியருக்குத் தரும் டெய்சி விருதைத் தொடங்கியது. அந்த விருதோடு இன்றும் அந்த ரொட்டியைக் கொடுக்கிறார்கள்.

அம்மாவை மறுபரிசோதனைக்கு எப்போது வரச்சொல்லியிருக்கிறார்கள்? அன்று ஓ.பி. முடிந்ததும் அப்படியே திரும்பிவிடாதீர்கள். நோயாளியை மோசமான நிலையில் பார்க்கிறோம், ஓரளவு தேறியதும் அனுப்பிவிடுகிறோம். பிறகு அவர் நடந்தாரா என்பது எங்களுக்குத் தெரிவதே இல்லை. வாக்கர் பிடித்தாவது அம்மாவை வார்டு வாசல் வரை கூட்டிப் போங்கள். மதியம் ட்யூட்டி மாறும் நேரமாகப் பார்த்துப் போனால், இரண்டு ஷிப்டு ஆட்களும் இருப்பார்கள். இரவு சிஸ்டர் அன்று இல்லையென்றால், அம்மா நடந்து வந்தார் என்று ஹெட் நர்ஸிடம் சொல்லிவிட்டு வாருங்கள். கடிதத்தின் ஜெராக்ஸ் ஒன்றை ஆயாம்மா கையில் கொடுங்கள். அதை அவர் வாங்கிக்கொள்வார்.